மூச்சைப் பிடித்துப் பத்து எண்ணுதல்

மற்றவர்கள் மூச்சு இழுப்பதைப் பார்த்து டிக் போடுவது என் வேலை. இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கள்ளக்குறிச்சியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோய்ப் பிரிவில் நான் நர்ஸ். டாக்டர் எழுதிக் கொடுக்கும் இன்ஹேலரை எப்படிப் பயன்படுத்துவது என்று நோயாளிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மறுமாதம் அவர் வரும்போது என் எதிரே உட்காரவைத்து, செய்து காட்டச் சொல்லிப் பரீட்சை வைக்க வேண்டும். மருந்து என்னதான் உசத்தியாக இருந்தாலும் நுரையீரல்வரை போய்ச் சேராவிட்டால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பல பேருக்கு அது நாக்கைத் தாண்டுவதே கிடையாது.

நான் பார்க்காத கூத்து இல்லை. மணலூர்பேட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயி, இன்ஹேலருக்குள் போட வேண்டிய பொடிக் குப்பியை, மாத்திரை போலிருக்கும் அந்தக் கேப்ஸ்யூலை, மோரில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தார், முப்பது நாளும், வேளை தவறாமல். இன்னொருவர் சட்டைப் பையில் இன்ஹேலர் இருந்தாலே போதும், மூச்சு சீராகிவிடுகிறது என்று என்னிடம் வாதாடினார். இவர்களுக்காகத்தான் நான் ஓர் அட்டை தயார் செய்தேன். அதில் ஒன்பது கட்டங்கள். நிமிர்ந்து உட்காருவது, குப்பியைப் போடுவது, திருகி உடைப்பது, மூச்சை வெளியே விடுவது, உதட்டால் இறுகக் கவ்வுவது, வேகமாக ஆழ்ந்து இழுப்பது, மூச்சைப் பிடித்துப் பத்து எண்ணுவது, பொடி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது, வாய் கொப்பளிப்பது. அடுத்தடுத்த இரண்டு மாதம் ஒன்பது கட்டத்திலும் டிக் விழுந்தால் அட்டையில் பச்சை முத்திரை குத்துவேன். முத்திரை விழுந்தவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் கிளையிலேயே மருந்து வாங்கிக்கொள்ளலாம். விழாதவர்கள் மாதாமாதம் கள்ளக்குறிச்சிக்கு என்னிடம் வர வேண்டும். இந்த விதியைப் போட்டதும் நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

நாள் முழுக்க நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் அதெல்லாம் பேச்சில் சேராது. இழுங்க, பிடிங்க, விடுங்க. எதிரே இருப்பவர்கள் சரிங்க, சரிங்க என்பார்கள். வீட்டுக்குப் போனால் அதுவும் இல்லை. என் கணவர் உளுந்தூர்பேட்டையில் இருக்கிறார், வேறொரு குடும்பத்தோடு. பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். பிள்ளை இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரான பிறகு வாடகை எல்லாம் ஏறி, ஒரே அறையும் சமையலறையும் உள்ள மாடி வீட்டுக்கு மாறினேன். சொல்லப்போனால் எனக்கு அதுவே அதிகம். மதியச் சாப்பாட்டை என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுவிடுவேன். மற்ற நர்சுகள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். என் குணம் அப்படி. சிடுமூஞ்சி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, நியாயமான பெயர்தான்.

அந்த அக்கா வந்தது மாசி மாதத்தில். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஏதோ ஒரு சின்ன ஊர். வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு நடை, அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக வரும் பஸ். அறுபது வயதிருக்கும். வற்றிய உடம்பு. நாற்காலியைக் காட்டினால் தரையில் உட்கார்ந்தார். நிமிர்ந்து உட்காருவதுதான் முதல் கட்டம் என்று அதட்டி மேலே ஏற்றினேன். பீடி, சுருட்டு எதுவும் தொட்டதில்லை, ஆனால் நெஞ்சு விசிலடிக்கிறது. விறகடுப்புப் புகை என்று டாக்டர் எழுதியிருந்தார்.

குப்பியைப் போட்டு, திருகி, வாயில் வைக்கச் சொன்னேன். வைத்தார். இழுங்க என்றேன். ஊதினார். பொடி முழுக்க என் மூக்குக் கண்ணாடியில் வந்து படிந்தது. துடைத்துக்கொண்டு இன்னொன்று கொடுத்தேன். அதையும் ஊதினார். மூன்றாவதையும் ஊதியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. எத்தனை தடவை சொல்வது, காது கேட்கிறதா இல்லையா என்று சத்தம் போட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "இழுக்கத்தான் நெனைக்கிறேன் நர்சம்மா. வாயில வெச்சதும் அது பாட்டுக்கு ஊதிக்கினு போவுது, நான் இன்னா பண்றது" என்றார்.

நாலாவது தடவை கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். குழாய் உதட்டில் பட்டதும் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்கள் இடுங்கின. அந்த அறையில் ஃபேன் காற்றும் டெட்டால் வாசனையும்தான் இருந்தன, ஆனால் அந்த முகம் புகைக்காகக் கண்ணை மூடியது. எனக்குப் புரிந்துவிட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுப்பங்கரையில் ஊதாங்குழல் பிடித்த வாய் அது. குழாய் என்றால் ஊது என்று உடம்புக்கு ஐம்பது வருஷமாகப் பாடம் ஆகியிருக்கிறது. எந்த அடுப்பு நெஞ்சைக் கெடுத்ததோ அதே அடுப்புதான் மருந்தையும் உள்ளே போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. சத்தம் போட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆட்டுக்கால் எலும்பு சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். நெஞ்சு நோய்க்கு ஆகாது என்று சொல்லப்போகிறேன் என நினைத்து, எப்போதாவதுதான் என்று தயங்கினார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை, மூளை என்போமே, அதை எப்படி எடுப்பீர்கள் என்றேன். உறிஞ்சித்தான் என்றார். அப்படியே செய்யுங்கள், இது எலும்பு, உள்ளே இருப்பது மூளை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கவ்வி ஒரு இழு இழுத்தார் பாருங்கள், வரிசையில் இருந்தவர்கள் மறுபடி எட்டிப் பார்த்தார்கள். குப்பியில் துளிப் பொடி மிச்சமில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த அறையில் நான் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பத்து எண்ணுவதை முதலில் வாய்விட்டு எண்ணிப் பழகச் சொன்னேன். லாபம், ரெண்டு, மூணு என்று விரலை மடக்க ஆரம்பித்தார். தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். எங்கள் களத்திலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் வாழ்நாள் முழுக்கச் சாமையும் தினையும் அளந்தவர். மரக்கால் நிரம்பும் நிதானத்தில் ஒவ்வொரு விரலாக மடங்கியது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மடக்கினார், பத்து விரலும் மடங்கியபோது என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு நொடி ஓடியிருந்தது. டிக் போட்டேன்.

ஆனாலும் முதல் நாள் அத்தனை தடவை ஊதியதால் ஆறாவது கட்டத்தைக் காலியாகவே விட்டேன். விதி விதிதான். பங்குனியில் வந்தபோது ஒன்பதும் சரி. இன்னும் ஒரு தடவை சரியாகச் செய்தால் முத்திரை.

அன்றைக்கு இலையில் சுற்றிப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வெளியே வெயில். என் அறையிலேயே உட்காருங்கள் என்றேன், கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் சாப்பிட்டோம். நான் எடுத்துப்போன புளிச்சோற்றில் பாதி அவருக்கு. மகனும் மருமகளும் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு தரம் வருவார்கள் என்றார். வீட்டில் அவரும் இரண்டு ஆடுகளும். பிறகு என்னைப் பற்றிக் கேட்டார். கணவர் விஷயத்தைச் சொன்னேன். ஐயோ பாவம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"ஒருத்திக்கு இன்னா ஆக்குவ?" என்று கேட்டார்.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு ஆளுக்கு அரிசி போட்டால் உலை சரியாகக் கொதிக்க மாட்டேன் என்கிறது என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். அதனால்தான் தான் களி கிண்டிவிடுவதாகவும், ஒரு ஆளுக்கு அதுதான் தோது, மீந்தால் ஆடு தின்னும் என்றும் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சித்திரையில் வந்தார். எனக்குத் தேதி தெரியும். அன்றைக்கு இரண்டு பேர் சாப்பாடாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பரீட்சை வைத்தேன். உட்கார்ந்தது, திருகியது, கவ்வியது, இழுத்தது எல்லாம் புத்தகத்தில் போட்டமாதிரி. பத்து விரலும் மடங்கின. நான் ஆறு டிக் போட்டுவிட்டு ஏழாவது கட்டத்தில் பேனாவை வைத்தேன். இதைப் போட்டுவிட்டால் முத்திரை. முத்திரை குத்திவிட்டால் இந்த அக்காவுக்கு இங்கே வேலை இல்லை. பேனாவை எடுத்துவிட்டேன்.

எண்ணிக்கை சரியில்லை என்றேன். ஒன்று என்று ஆரம்பிக்க வேண்டும், லாபம் என்று ஆரம்பித்தால் ஆஸ்பத்திரிக் கணக்கில் ஒன்பதுதான் வரும் என்று கூசாமல் சொன்னேன்.

"அதுதானம்மா ஒண்ணு" என்றார்.

இங்கே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டார், மறுபடி மடக்கிப் பார்த்தார். சரி, பழகிக்கினு வரேன் என்றார். இருவரும் சாப்பிட்டோம். சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வைகாசியில் அவர் முதலில் வாய்விட்டு எண்ணிக் காட்டினார், ஒன்று என்று ஆரம்பித்தார். சொல்வதற்கு முன் நாக்கு ஒரு கணம் தயங்கியது. அளக்கும்போது ஒன்று என்று சொன்னால் விளங்காது என்று சின்ன வயதில் அவர் அம்மா வாயிலேயே அடித்திருக்கிறார். அது இன்னும் வாயில் இருக்கிறது, எடுத்துப் போட முடியவில்லை என்று சிரித்தார். நான் அந்த மாதம் வேகமாக எண்ணிவிட்டீர்கள் என்றேன். அடுத்த மாதம் நடுவில் விட்டுவிட்டீர்கள் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஏழாவது கட்டம் காலி. ஒவ்வொரு தடவையும் நெல்லிக்காயோ சீத்தாப்பழமோ தேனோ வந்தது. ஆவணியில் இருமிக்கொண்டே வந்தார். மூச்சு வாங்கும் ஒரு பெண்ணை ரோடுவரை நடக்கவைத்து, வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் கொண்டுவந்து என் எதிரே உட்காரவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் அடை மழை. மலை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. அவர் வர வேண்டிய நாளில் இரண்டு பேர் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மழையில் எப்படி வருவார், விட்டதும் வருவார் என்று இருந்துவிட்டேன். கையில் முப்பது நாளுக்கான குப்பிதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் மனசு அன்றைக்கு மருந்தை நினைக்கவில்லை. மீந்த சோற்றைத்தான் நினைத்தது.

எட்டாவது நாள், ஒரு வண்டி போகும் அளவுக்கு மண்ணை ஒதுக்கியதும், ஆம்புலன்ஸில் வந்தார். ரோடுவரை கட்டிலில் வைத்துத் தூக்கிவந்திருக்கிறார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மழையில் விறகு ஈரம், கதவைச் சாத்திய வீட்டுக்குள் முழுப் புகை, மருந்தும் இல்லை. நான் மலைக் கிளைக்கு போன் போட்டேன். அங்கே இருக்கும் சின்ன வயது நர்சிடம், மருந்து இல்லையென்றால் உங்களிடம் வந்திருப்பாரே என்று கேட்டேன். என் குரல் அதிகாரமாகத்தான் வந்தது.

"வந்தாங்க சிஸ்டர். ரெண்டு தரம் வந்தாங்க. அட்டையில பச்சை முத்திரை இல்லையே. முத்திரை இல்லாம குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லி வெச்சீங்க" என்றாள். அப்போது உங்களுக்கு போன் கிடைக்கவில்லை, லைன் எல்லாம் போயிருந்தது என்றும் சொன்னாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. போனை வைத்துவிட்டு என் அறையில் போய் உட்கார்ந்தேன். அலமாரியில் அந்த முத்திரை இருந்தது.

இரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தார். என் வேலை நேரம் முடிந்தும் வார்டிலேயே இருந்தேன். மற்ற நர்சுகளுக்கு ஆச்சரியம். மூன்றாவது நாள் காலையில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நாலாவது நாள் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். சத்தம் காட்டாமல் டிக் போட்டு, முத்திரை குத்தி, கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அட்டையைப் பார்த்ததும் அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். பரீட்சை என்று நினைத்துவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் குப்பியைப் போட்டுத் திருகிவிட்டார். இழுத்தார். பலமில்லாத இழுப்புதான், ஆனால் முறை தப்பவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை மடக்க ஆரம்பித்தார். முதல் விரல் மடங்கும்போது உதடு சத்தமில்லாமல் அசைந்தது. ஒண்ணு. என்னைப் பார்த்துக்கொண்டே, நான் கவனிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே, அம்மா அடித்த அந்த வாயால் ஒண்ணு என்றார். ஆறாவது விரலுக்குமேல் முடியவில்லை, இருமல் வந்துவிட்டது.

"இன்னும் ஒரு வாட்டி பண்றேன் நர்சம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வார்டில் அழும் நர்ஸை நான் இதுவரை திட்டித்தான் இருக்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சித்திரையிலேயே நீங்கள் தேறிவிட்டீர்கள், அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் பொய், வேகமாக எண்ணவும் இல்லை, நடுவில் விடவும் இல்லை என்றேன். முத்திரை இருந்திருந்தால் மருந்து உங்கள் ஊர்ப் பக்கமே கிடைத்திருக்கும், இப்படி வந்து படுத்திருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது வேறு. "அப்ப லாபம்னு எண்ணுனது சரிதானா?"

"சரிதான்க்கா. மொத நாளே சரி."

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். எதற்காக அப்படிச் செய்தாய் என்று கேட்டார். முத்திரை குத்திட்டா நீங்க வரமாட்டீங்களே என்றேன். இந்த வயதில் இப்படி ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேனே" என்றார்.

ஏழாவது கட்டத்தில் டிக் போட்டேன், முத்திரை குத்தினேன். டிஸ்சார்ஜ் அன்று பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு மாதக் குப்பிகளைப் பையில் வைத்து பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். ஜன்னலோரம் உட்காரவைத்தேன். உடம்பைப் பார்த்துக்க என்று எனக்குச் சொன்னார். மறுபடி வருகிறேன் என்று சொல்லவில்லை.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பாதிதான் கேட்டார், இனிமேல் கவனமாக இருங்க சிஸ்டர் என்றார். விதியை நானே மாற்றினேன். முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் மருந்து இல்லை என்று சொல்லக் கூடாது என்று எல்லாக் கிளைக்கும் எழுதிப் போட்டேன். அட்டை இப்போது கற்றுக்கொடுப்பதற்கு மட்டும்தான்.

மலைக் கிளையிலிருந்து மாதக் கடைசியில் ஒரு தாள் வருகிறது, மருந்து வாங்கியவர்களின் கைரேகையோடு. பன்னிரண்டாவது வரிசையில் அவருடைய கட்டைவிரல். அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை. அவரும் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை பஸ்ஸில் ஏறினேன். ஒரு தூக்குவாளியில் ஆட்டுக்கால் குழம்பு. கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றது. அதற்குமேல் மலை. போய் நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. இறங்கி டீ குடித்துவிட்டு எதிர் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

சோறு வைப்பதை இப்போது விட்டுவிட்டேன். அவர் சொன்னது சரிதான், ஒரு ஆளுக்குக் களிதான் தோது. ஆனால் எவ்வளவு கம்மியாகக் கிண்டினாலும் கொஞ்சம் மீந்துவிடுகிறது. என்னிடம் ஆடு இல்லை.